கருப்பொருள் இல்லாக் கோள்

பூமி அழியினும் மனித இனம் அழியாதிருக்கச் செவ்வாயில் குடியேறுதலே வழி என்பார் இன்று பலர். அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் தம் இறுதி ஆண்டுகளில் வேற்றுலகக் குடியேற்றத்தை வற்புறுத்தினார். எலான் மஸ்க் செவ்வாயில் நகரமே அமைப்போம் என்கிறார். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் எழுந்த தும்பாவின் அண்டையில் வாழும் நாம், இக்கூற்றை ஆராயாது ஏற்றல் தகாது.

விதைநெல் முழுவதையும் ஒரே குதிரில் வைக்கலாகாது என்பதே அவர்தம் வாதம். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி டைனோசர்கள் மாண்டதைச் சான்று காட்டுவர். வாதம் வலியதே. ஆயின், முதற்குதிரிலிருந்து ஓயாது நெல் அளந்தால்தான் இரண்டாம் குதிர் நிறையும் எனின், அது காப்பாகுமா?

செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினதில் நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. அக்காற்றிலும் 95 விழுக்காடு கரியமிலவாயு. சராசரி வெப்பம் உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 60 பாகை. விண்கல் மோதிய மறுநாளும் பூமியில் காற்றும் கடலும் இருந்தன. அதனாலன்றோ சிற்றுயிர்கள் பிழைத்தன! 1991இல் அமெரிக்காவின் அரிசோனாவில், மூடிய கண்ணாடிக் கூடத்தில் எண்மர் இரண்டாண்டு வாழப் புகுந்தனர். உள்ளே உயிர்வளி குன்றவே, வெளியிலிருந்து செலுத்த நேர்ந்தது. செவ்வாயில் அந்த 'வெளி' எங்கே உளது?

நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவு, விலங்கு, மரம், புள் முதலியன கருப்பொருள். மக்கள் ஒழுக்கம் உரிப்பொருள் என்று வகுத்தது தமிழ் மரபு. செவ்வாயில் முதற்பொருள் உண்டு, கருப்பொருள் இல்லை. அஃதின்றி உரிப்பொருள் எங்ஙனம் நிகழும்? அதனைப் பாலை எனவும் ஒண்ணாது. முல்லையும் குறிஞ்சியும் திரிந்ததே பாலை என்பார் இளங்கோவடிகள். மழை பெய்யின் அது மீளும்.

நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்து இந்நகரில் வேரூன்றிய நாம் குடிபெயர்தலை இகழோம். ஆனால் நாம் வந்த மண்ணில் நீரும் நெல்லும் இருந்தன. அண்டை வீட்டாரும் இருந்தனர்.

விண்ணாய்வையும் நாம் மறுக்கவில்லை. 2014இல் மங்கள்யான் செவ்வாயை அடைந்தது நமக்குப் பெருமையே. 2022இல் அமெரிக்க விண்கலம் ஒன்று சிறு விண்பாறையின்மீது மோதி, அதன் சுற்றுப்பாதையை மாற்றிக் காட்டியது. விண்கல்லை விலக்கும் அத்தகைய காவலே வேண்டுவது.

அன்று தும்பா மீனவர் தம் தேவாலயத்தையும் குடியிருப்பையும் ஆய்வுக்கு விட்டுக்கொடுத்தனர். இன்று வலியதுறையிலும் சங்குமுகத்திலும் கடலரிப்பால் மீனவர் வீடிழக்கின்றனர். அவர்களைச் சில கல் தொலைவில் குடியமர்த்தவே நாம் படும் பாடு ஊரறிந்தது. 800 கோடி மக்களைச் செவ்வாய்க்கு ஏற்றுவார் யார்? செல்வோர் மிகச் சிலர், எஞ்சுவோர் நாமே. ஆகவே, எஞ்சுவோர்க்குரிய இம்மண்ணைக் காப்பதே இனத்தைக் காப்பதாம்.