திருச்சுழி பஸ்ஸில் ஒரு பாட்டி

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். வெளியே கருவேலங்காடு, உள்ளே ஆளுக்கொரு செல்போன். அந்த போன்களில் ஓடும் சிப்புக்கு ஒரு பாட்டி உண்டு. பெயர், பி.பி.சி. மைக்ரோ.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்ற கம்பெனி 1981 டிசம்பரில் கொண்டுவந்த கம்ப்யூட்டர் இது. டைப்ரைட்டர் மாதிரி ஒரே பெட்டி. கீபோர்டுக்கு அடியிலேயே மொத்த கம்ப்யூட்டரும் அடக்கம். திரைக்கு வீட்டு டி.வி. போதும். புரோகிராமைச் சேமிக்க, பாட்டுக் கேட்கும் டேப் ரெக்கார்டரும் கேசட்டும்!

மெமரி 32 கே.பி. இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'குட்மார்னிங்' படம்கூட அதில் அடங்காது. அதிலும் நல்ல கலர் படம் வேண்டுமென்றால் 20 கே.பி.யைத் திரையே விழுங்கிவிடும். ஆனால் சுவிட்சைப் போட்டதும் 'பீப்' சத்தத்தோடு தயாராகிவிடும், காத்திருக்கவே வேண்டாம். மேல் வரிசையில் சிவப்பாகப் பத்து பட்டன்கள், அதே வரிசையில் 'பிரேக்' பட்டன். கை தவறி அதை அமுக்கினால் எழுதிய புரோகிராம் போச்சு. பதறாமல் 'ஓல்ட்' என்று டைப் செய்தால் திரும்பி வந்துவிடும். ஆனால் கரண்ட் போனால் 'ஓல்ட்' போட்டும் பயனில்லை. நம்மூர் கரண்டுக்கு இது சரிப்பட்டிருக்குமா?

இந்தியாவுக்கும் வந்தது. 1984-ல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் இதைத்தான் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் நாடு முழுக்கவே சுமார் 250 பள்ளிகள்தான். கட்டளைகள் எல்லாம் இங்கிலீஷ். மெஷின் நல்ல மெஷின்தான், ஆனால் இந்த எண்ணிக்கையில் கொடுத்தால் கரிசல்காட்டுப் பிள்ளைக்கு அது எங்கே எட்டும்?

பெட்டியின் அடியில் 'டியூப்' என்று ஓர் இணைப்பு இருக்கும். இன்னொரு பிராசஸரை அதில் மாட்டலாம். ஏகார்னில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த 'ஆர்ம்' சிப்பை முதலில் இந்த மைக்ரோவோடு இணைத்துத்தான் ஓட்டினார்கள். அது உயிர்பெற்ற நாள் 1985 ஏப்ரல் 26. பழைய ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து, அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சேர்ந்த காமராஜர் மாவட்டம், அதாவது இன்றைய விருதுநகர் மாவட்டம், பிறந்து அப்போது ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை.

அந்த ஆர்ம் வம்சத்து சிப்தான், கண்டக்டர் விசில் ஊதுவதைக்கூடக் கவனிக்காமல் ரீல்ஸ் பார்க்கும் அந்தத் தம்பியின் போனிலும் ஓடுகிறது.