பானிக்கிள் எந்த நாட்டுல இருக்கு?

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அக்கா பையன் மாமரத்தடியில உக்காந்து நோட்ஸை உருப்போட்டுக்கிட்டு இருந்தான். "கிளைத்த ரசீம் பானிக்கிள் எனப்படும். எடுத்துக்காட்டு, மா." நாலஞ்சு தடவை இதே வரி. தலைக்கு மேல மரம் பூத்துக் கொட்டுது. "டேய், அந்த பானிக்கிளைக் கொஞ்சம் காட்டு"ன்னேன். திருதிருன்னு முழிச்சுட்டு, "அது எந்த நாட்டுல இருக்கு மாமா?"ங்கறான்.

அவனைச் சொல்லிக் குத்தமில்லை. நானும் இதை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினவன்தான் (அப்புறம் இஞ்சினியரிங் சேர்ந்து சுத்தமா மறந்தாச்சு).

உடனே சிலர் கிளம்பி வருவீங்க, "அதான் சொல்றோம், தமிழ்ல அறிவியல் சரிப்படாது"ன்னு. அய்யா, அந்தச் சொற்களோட வேரைக் கொஞ்சம் தோண்டிப் பாருங்க. 'பானிக்கிள்' லத்தீன்ல தினைக் கதிரைக் குறிச்ச சொல்லுலேர்ந்து வந்தது. 'ரசீம்' திராட்சைக் குலை. 'ஸ்பைக்' தானியக் கதிர். 'அம்பெல்' குடை. எல்லாம் அன்னாடம் புழங்கின சொல்லு. தாவரவியல்காரங்க எடுத்து வரையறை கட்டினாங்க, அவ்வளவுதான். எங்க தொழில்ல எலி மவுஸ் ஆகலையா?

நமக்குச் சொல்லுக்கா பஞ்சம்? இணர், துணர், கொத்து, குலை, கதிர், பாளை... 'மஞ்சரி' இருக்கேம்பீங்க. இருக்கட்டும். பொதுப்பேரை மட்டும் அப்படி வச்சுட்டு, வகைகளை எல்லாம் எழுத்து மாத்தி எழுதினா பையனுக்கு என்ன புரியும்?

இன்னொரு கோஷ்டி, விவசாயி சொல்லையே அப்படியே வச்சுக்கலாம்னு சொல்லுது. அதுவும் பத்தாது. நெல்லுக்கும் கதிர்ங்கறோம், கோதுமைக்கும் கதிர்ங்கறோம். நெற்கதிரை விரிச்சுப் பாருங்க. நடுக்காம்புல கிளை, அந்தக் கிளைல இன்னும் கிளை, அதுல மணி. கோதுமைல அந்தக் கிளையே கிடையாது, எல்லாம் நடுத்தண்டுலயே ஒட்டிக்கிட்டு இருக்கும். முன்னது பானிக்கிள், பின்னது ஸ்பைக். அதனால பழைய சொல்லை எடுக்கணும், வரையறையும் கட்டணும். என் கட்சி இதுதான்: பொதுவா இணர், கிளைக்கு மேல கிளை விட்டா கிளையிணர். மா, வேம்பு, நெல் மூணும் இதுல அடங்கிடும்.

650வது குறள்ல வள்ளுவர் இணரைத்தான் உவமையா வச்சிருக்கார். கத்ததை அடுத்தவனுக்கு விரிச்சுச் சொல்லத் தெரியாதவங்க, கொத்தாப் பூத்தும் மணக்காத பூவாம். நோட்ஸ் போடறவங்களுக்கே சொன்ன மாதிரி இல்ல?

கடைசியா ஒரு கொத்தை ஒடிச்சு பையன் கைல குடுத்து, கிளையை எண்ணச் சொன்னேன். ரெண்டே நிமிஷம், புரிஞ்சுடுச்சு. பூவை ஒடிச்சதுக்கு அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை.

மாத்துக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல வாங்க, பேசலாம்.