விற்ற பொருளும் விற்றவர் கையும்

விலை பேசிப் பணம் கொடுத்து ஒருவன் ஒரு பொருளைக் கைக்கொண்டபின், விற்றவருக்கு அதன்மீது யாதொரு பாத்தியதையும் இல்லை என்பது உலகோர் ஒப்பிய நியாயம். வண்டி செய்து கொடுத்த தச்சன், நள்ளிரவில் வாங்கியவன் கொட்டிலுட் புகுந்து சக்கரத்தை மாற்றிவிட்டுப் போவதில்லை. ஆயின், மின்சார மோட்டார் வண்டியின் வரவால் இந்நியாயம் இன்று சோதனைக்குள்ளாகியிருக்கின்றது. அதனைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வண்டிகளில் மின்கலம் எவ்வளவு மின்சாரத்தை ஏற்கவேண்டும், எத்துணை விரைவில் ஏற்கவேண்டும், பிரேக்கு எவ்வாறு பிடிக்கவேண்டும் என்பனவற்றையெல்லாம் உள்ளிருக்கும் கணினிகளே நிர்ணயிக்கின்றன. அக்கணினிகளை இயக்கும் மென்பொருளை, வண்டி செய்த கம்பெனியார் தம் இடத்திலிருந்தே, கைபேசி அலைகளின் வழியாகவோ வீட்டு வைஃபை வழியாகவோ அனுப்பி மாற்றவல்லர். சொந்தக்காரர் இரவில் திரையைத் தொட்டு இசைவு தெரிவித்து உறங்கச் செல்வார். காலையில் வண்டி வேறொரு குணத்தோடு நிற்கும். அமெரிக்காவில் டெஸ்லா கம்பெனியார் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட மாடல் எஸ் என்னும் வண்டியால் இம்முறை பெரிதும் பிரசித்தி அடைந்தது.

இதனால் விளைந்த நன்மையை மறுப்பாரில்லை. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில், கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்னும் அமெரிக்கப் பத்திரிகையார் டெஸ்லா மாடல் 3 வண்டியைப் பரிசோதித்தனர். மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடிய அவ்வண்டி, பிரேக்குப் பிடித்தபின் 152 அடி சென்றே நின்றது. அத்தூரம் மிகுதி எனக் கருதி, அவ்வண்டியைச் சிபாரிசு செய்ய அவர்கள் மறுத்தனர். சில நாட்களுள் கம்பெனியார் புதிய மென்பொருளை அனுப்பினர். அதன்பின் வண்டி 133 அடியில் நின்றது. ஒரு திருகாணியும் கழற்றப்படவில்லை. எவரும் பட்டறைக்குச் சென்று காத்திருக்கவில்லை. வீதியைக் கடக்கும் ஒரு குழந்தைக்கு அந்தப் பத்தொன்பது அடியே உயிராதல் கூடும்.

எனினும், கொடுக்கவல்ல கை எடுக்கவும் வல்லது. 2017 செப்டம்பரில் இர்மா என்னும் பெரும்புயல் புளோரிடா மாகாணத்தை நெருங்கியபோது, அங்குள்ள டெஸ்லா வண்டிகள் சில முன்னினும் முப்பது நாற்பது மைல் மிகுதியாக ஓடும் ஆற்றலைப் பெற்றன. காரணம் யாதெனின், அவ்வண்டிகளில் 75 கிலோவாட் மணி அளவுள்ள மின்கலம் இருந்தும், குறைந்த விலைக்கு விற்கப்பட்டமையால், அதன் ஒரு பகுதியை மென்பொருள் பூட்டிவைத்திருந்தது. புயலுக்குத் தப்பி ஓடுவோர் பொருட்டுக் கம்பெனியார் அப்பூட்டைச் சில நாட்களுக்குத் திறந்துவிட்டனர். அஃது இரக்கச் செயலே. உதவி பெற்றோர் நன்றி பாராட்டியதும் முறையே. ஆனால், தம் வண்டி நாள்தோறும் சுமந்து சென்ற மின்கலத்தின் திறவுகோல் தம்மிடம் இல்லை என்பதையும் அவர்கள் அன்றே உணர்ந்திருப்பர்.

ஈராண்டு கழித்து இதன் மறுபக்கம் வெளிப்பட்டது. 2019ஆம் ஆண்டு மே மாதத்தில், ஹாங்காங்கில் ஒரு வண்டி தீப்பற்றியதன்பின், மாடல் எஸ், மாடல் எக்ஸ் வண்டிகளுக்கு டெஸ்லா கம்பெனியார் புதிய மென்பொருளை அனுப்பினர். முன்னெச்சரிக்கையாக மின்னேற்ற முறையைத் திருத்துவதாக அவர்கள் அறிவித்தனர். அதன்பின், மாடல் எஸ் வண்டியுடையோர் பலர் தம் வண்டி முன்போல் நெடுந்தூரம் ஓடவில்லை எனக் கண்டனர். கலிபோர்னியாவில் வழக்குத் தொடரப்பட்டது. பின்னர் வந்த மென்பொருள்கள் குறைந்ததை மீட்டளித்தன. 2021ஆம் ஆண்டில் 15 லட்சம் டாலருக்கு வழக்குச் சமரசமாக முடிந்தது. 1,743 வண்டிகளின் சொந்தக்காரர்க்குத் தலைக்கு 625 டாலர் என ஏற்பாடாயிற்று.

தீமை கருதாத இடத்தும் கை தவறுதல் உண்டு. 2023 நவம்பரில் ரிவியன் என்னும் மற்றோர் அமெரிக்கக் கம்பெனியார், தவறான பாதுகாப்புச் சான்றிதழ்கள் சேர்ந்த மென்பொருளை வண்டிகளுக்கு அனுப்பிவிட்டனர். அதனை ஏற்ற வண்டிகள் ஓடின. ஆனால் அவற்றின் நடுத்திரை இருண்டுபோயிற்று. பிழை கண்டவுடன் கம்பெனியார் அனுப்புதலை நிறுத்தினர்.

ஈண்டுச் சிலர் ஓர் ஆட்சேபம் கூறுவர். ஆபத்து நேருங்கால் ஒவ்வொருவரிடமும் விவரித்துச் சொல்லி நிற்பதற்கு அவகாசம் ஏது என்பர். அவர் கூற்றில் உண்மை உண்டு. 2023 டிசம்பரில், டெஸ்லாவின் ஆட்டோபைலட் என்னும் ஏற்பாட்டில் ஓட்டுவோர் கவனத்தை நிலைநிறுத்தும் பொருட்டு, இருபது லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் இம்முறையாலேயே திருத்தப்பட வேண்டியனவாயின. அத்தனை வண்டிகளையும் பட்டறைக்கு வரவழைத்திருந்தால் எத்தனை மாதம் சென்றிருக்கும்! ஆதலின், கம்பெனியார் கையைக் கட்டிவிடுதல் எமது கருத்தன்று.

எமது குறையெல்லாம் இசைவு கேட்கும் முறையைப்பற்றியதே. உயிர்காக்கும் திருத்தமும், திரையின் அலங்காரமும், மின்கலத்தின் ஆற்றலைக் குறைக்கும் கட்டளையும் ஒரே மூட்டையாக வருகின்றன. வேண்டாததை மறுப்பவன் வேண்டியதையும் இழக்கின்றான். ஏற்றபின் பழைய மென்பொருளுக்குத் தானே மீளவும் அவனால் இயலாது. இத்தகைய இசைவு பெயரளவில் இசைவேயன்றி உண்மையில் இசைவாகாது.

எனவே மூன்று விதிகள் வேண்டும். பாதுகாப்புக்குரிய திருத்தம் பிறவற்றினின்றும் பிரித்துத் தனியே அனுப்பப்படுக. வண்டியின் ஆற்றலோ ஓடும் தூரமோ குறையுமாயின், எவ்வளவு குறையும், ஏன் குறையும் என்பது முன்கூட்டியே தெளிவான மொழியில் சொல்லப்படுக. பாதுகாப்பின் பொருட்டே குறைத்தாலும், குறைந்ததற்கு ஈடு வழக்கின்றியே வழங்கப்படுக. 2021ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் 156ஆம் ஒழுங்குவிதி, மாற்றத்தின் நோக்கத்தையும் விளைவையும் சொந்தக்காரர்க்கு அறிவிக்கவேண்டும் என்கின்றது. இடையில் முறிந்தால் பழைய நிலைக்கு மீட்கவோ, வண்டியை ஆபத்தில்லா நிலையில் நிறுத்தவோ வேண்டும் என்றும் விதிக்கின்றது. அது நல்ல தொடக்கம். ஆயின் ஈடு என்பது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதனை ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் தானே வகுத்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்களுட் சிலர் நாளை இத்தகைய மென்பொருளை எழுதும் தொழிலில் அமரக்கூடும். அப்போது நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு கட்டளையும், கண்காணா ஊரில், உழைத்துச் சேர்த்த பொருளால் ஒருவர் வாங்கிய வண்டிக்குள் புகும். பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் கதவைத் தட்டி, வந்த காரியத்தைச் சொல்லுதல் நம்மவர் மரியாதை. அம்மரியாதையை யந்திரத்துக்குக் கற்பிக்கவேண்டியவர், அதனை இயக்கும் மனிதரே.