ஏழாம் மாதத்துப் பிள்ளை

ஏழாம் மாதத்திற் பிறந்த குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதத்திற் பிறந்தது பிழையாது என்றொரு நம்பிக்கை நம்மவரிடையே நெடுங்காலமாக உண்டு. இது நமக்கு மட்டும் உரியதன்று. பண்டைக் கிரேக்க வைத்தியராகிய இப்போக்கிரத்தீசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியிலே எட்டாம் மாதக் குழந்தையைப் பற்றித் தனியே ஒரு நூல் இருக்கின்றது. நமது சரக சங்கிதையும், எட்டாம் மாதத்தில் ஓசசு என்னும் உயிர்ச்சத்துத் தாய்க்கும் சேய்க்குமிடையே நிலைகொள்ளாது அலைகின்றது என்று கூறி, அம்மாதத்துப் பிறப்பை அஞ்சுகின்றது. இத்துணைப் பெரியோர் சொல்லியும் கருத்துத் தவறானதே. கருப்பையில் ஒரு வாரம் கூடத் தங்கினால் அக்குழந்தை பிழைக்கும் வாய்ப்பும் அவ்வளவுக்குக் கூடும். எட்டாம் மாதத்துப் பிள்ளைக்கு ஏழாம் மாதத்துப் பிள்ளையிலும் பலம் அதிகம்.

ஆயினும் இந்தத் தவறான நம்பிக்கை ஒருமுறை என் வீட்டிலே மூன்று மாதகாலம் அணையாமல் எரிந்தது. அதனை அணைக்க முயன்றவனும் நானே. அக்கதையை இவ்வாரம் சொல்லிவிடுகிறேன்.

2016ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். கந்தசஷ்டி விரதம் தொடங்கிய திங்கட்கிழமையன்று என் தங்கைக்குத் திடீரென நோக் கண்டு, அவளை ஆசுபத்திரியிற் சேர்த்தோம். மணமாகி ஒன்பது ஆண்டுகளின் பின் தரித்த கரு. வைத்தியர்கள் நோவைத் தணிக்க மருந்து கொடுத்தார்கள். 24 மணித்தியால இடைவெளியில் இரண்டு ஊசியும் போட்டார்கள். அவ்வூசி தாயின் பொருட்டன்று, வயிற்றிலிருக்கும் பிள்ளையின் சுவாசப்பை விரைவில் முதிரும்பொருட்டு என்று வைத்தியர் ஒருவர் பொறுமையோடு எனக்கு விளக்கினார். புதன்கிழமை விடியற்காலையிற் பெண் குழந்தை பிறந்தது. கருவின் வயது 26 வாரம். நிறை 840 கிராம். கடையிலே நாம் வாங்கும் ஒரு கிலோ சீனிப் பை அதனிலும் பாரமானது.

செய்தியை அம்மாவிடம் கொண்டுபோனேன். விரதத்தின் மூன்றாம் நாள். பாலும் பழமுமாக இருந்தார். கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "ஏழு பிறந்திட்டுது தானே, தம்பி. ஏழாம் மாசத்துப் பிள்ளை தங்கும்" என்றார்.

"இல்லையம்மா, 26 வாரமென்றால் 182 நாள். ஆறு மாதமும் இரண்டு நாளும்."

"அந்த இரண்டு நாளும் எந்த மாசத்து நாள்?" என்று கேட்டார். பௌதிகம் படிப்பிக்கும் பட்டதாரியாகிய என்னிடம் அதற்கு விடை இருக்கவில்லை.

அன்றிரவு நான் செய்த காரியம் இன்றும் எனக்கு நாணம் தருவது. மைத்துனரைத் தனியே அழைத்து, சாதகம் எழுதுவிக்க வேண்டாம், தொட்டிலுக்கும் சட்டைக்கும் காசு செலவழிக்க வேண்டாம், மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளும் என்று புத்திமதி சொன்னேன். உண்மையைச் சொல்வதாகவே எண்ணினேன். 28 வாரத்துக்கு முன் பிறக்கும் பிள்ளைகளை மிகக் குறைமாதப் பிள்ளைகள் என்று வைத்தியர் வகுத்திருக்கின்றனர் என்பதும், அவர்களுட் பலர் தப்புவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவர் கலங்கிப்போய் எல்லாவற்றையும் தங்கையிடம் சொல்லிவிட்டார். நான்காம் நாள் நான் பார்க்கப் போனபோது அவள் முகம் திருப்பாமலே, "அண்ணா, நீங்கள் எனக்குக் கணக்குச் சொல்ல வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான். பின்பு பல நாள் அவள் என்னோடு அதிகம் பேசவில்லை.

கணக்குச் சொல்ல வேண்டாம் என்றாள். ஆனால் அப்பிள்ளையின் உயிர் என் பாடப்புத்தகத்துக் கணக்கொன்றிலேதான் தொங்கிக்கொண்டிருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். சவர்க்காரக் குமிழியின் பாடத்தை உயர்தர வகுப்பு மாணவர் அறிவர். குமிழியின் ஆரை சிறுத்தால் உள்ளிருக்கும் மிகையமுக்கம் கூடும். ஆகவே சிறு குமிழியை ஊதி விரிப்பது பெருங் குமிழியை விரிப்பதிலும் கடினம். பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் நான் எழுதி அழித்த சமன்பாடு இது. நமது சுவாசப்பையும் ஈரம் படிந்த கோடிக்கணக்கான நுண்ணிய குமிழ்களால் ஆனதே. நிறைமாதப் பிள்ளையிலே அக்குமிழ்களின் உட்புறம் நெய்ப்பசை போன்ற ஒரு பொருள் சுரந்து, நீரின் பரப்பிழுவிசையைக் குறைத்துவிடுகின்றது. குறைமாதப் பிள்ளைக்கு அது போதிய அளவு சுரப்பதில்லை. ஆதலால் ஒவ்வொரு முறை மூச்சு வெளியேறும்போதும் குமிழ்கள் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு மூச்சும் அப்பிள்ளைக்கு முதல் மூச்சுப்போலக் கடினமாகின்றது. சில மணித்தியாலங்களிற் களைத்துவிடுகிறது.

இவ்வுண்மையை மேரி எலன் ஏவரி என்ற அமெரிக்கப் பெண் வைத்தியர், மீட் என்பவருடன் சேர்ந்து 1959ஆம் ஆண்டிலே வெளியிட்டார். நோயின் காரணம் தெரிந்ததேயன்றி மருந்து அப்போது இல்லை. 1963 ஆகஸ்டு 7ஆந் திகதி, அமெரிக்க சனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முந்தி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பாற்றிக் என்று பெயரிட்டார்கள். நிறை 4 இறாத்தல் 10½ அவுன்சு. ஏறக்குறைய 2,100 கிராம். என் மருமகளைப்போல் இரண்டரை மடங்கு! பொசுற்றன் நகரிலே, அமுக்கம் மிகுந்த ஒட்சிசன் அறையிற்கூட வைத்துப் பார்த்தார்கள். உலகத்திலேயே வலிமை பொருந்திய நாட்டின் தலைவர் வெளியே காத்திருந்தார். 39 மணித்தியாலத்தில் அக்குழந்தை இறந்தது. அது எட்டாம் மாதத்துப் பிள்ளை என்பதை அறிந்தால் எங்கள் ஊர்க் கிழவிமார் வெற்றிக் களிப்படைவர். ஆனால் குற்றம் மாதத்திலில்லை, அந்த நெய்ப்பசையிலேயே இருந்தது.

பாற்றிக்குக்குக் கிடையாதவை இரண்டு என் மருமகளுக்குக் கிடைத்தன. ஒன்று, பிறக்குமுன் தாய்க்குப் போட்ட ஊசி. நியூசிலாந்திலே இலிகின்சு என்பவர், அம்மருந்து கொடுத்த ஆடுகளின் குட்டிகள் காலத்துக்கு முன் பிறந்தும் மூச்செடுக்கின்றனவே என்று வியந்து, கோவீ என்பவரோடு சேர்ந்து தாய்மாரிடம் சோதித்து 1972இல் முடிவை வெளியிட்டார். மற்றையது, அந்த நெய்ப்பசையையே மருந்தாக மூச்சுக்குழாய் வழியே சுவாசப்பையுள் விடுவது. யப்பானிய வைத்தியர் புசிவாரா 1980இல் பத்துக் குழந்தைகளுக்கு அதனைக் கொடுத்துப் பயன் கண்டார்.

இங்கேதான் எனக்கொரு தர்மசங்கடம் நேர்ந்தது. அம்மருந்தை மாட்டின் சுவாசப்பையிலிருந்து எடுக்கிறார்கள். எங்கள் பிள்ளைக்குக் கொடுத்ததும் அவ்வகையினதே என்று விசாரித்து அறிந்தேன். அம்மா பிறந்தது முதல் மச்சம் மாமிசம் தொடாதவர். பிள்ளைக்கு அம்மருந்து கொடுத்த அன்றைக்கோ அவருக்குச் சஷ்டி விரதம். சொல்லாது விடலாம், ஆனால் மைத்துனரிடம் கேட்காத உண்மையைச் சொல்லத் துணிந்த நான், அம்மாவிடம் மட்டும் மறைப்பது என்ன நியாயம் என்று மனம் குத்தியது. ஒருநாள் சொல்லிவிட்டேன். அம்மா கேட்டுக்கொண்டு அரிசி கிளைவதை நிறுத்தினார். பின் தொடர்ந்து கிளைந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாட் காலை வளவிலிருந்த அகத்தியிற் குழை ஒடித்து, ஒரு கட்டாகக் கட்டி, கோயிலடிப் பசுவுக்குக் கொண்டுபோனார். அன்று தொடங்கிய அவ்வழக்கத்தை அவர் நிறுத்தவில்லை.

ஆசுபத்திரியில் அந்தச் சிறப்புப் பிரிவினுள்ளே தாய் தகப்பன் தவிர வேறெவரும் செல்லலாகாது. கண்ணாடி வழியே ஒருமுறை காட்டினார்கள். நனைந்த கடதாசிபோன்ற தோல். அதனூடே நரம்புகள் தெரிந்தன. மூக்கிற் காற்றுக்குழாய், தொப்புளில் ஊசி. அம்மா விபூதிப் பொட்டலமொன்றைத் தாதியாரிடம் நீட்டி, நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிடும்படி கேட்டார். தோல் அவ்வளவு மெல்லிதாயிருக்கையில் எதனைப் பூசினாலும் கிருமி புகுந்துவிடும் என்பதைத் தாதியார் கோபமின்றி எடுத்துச் சொல்லி, "தாயின்ர நெற்றியிலை பூசுங்கோ அம்மா. அவதானே பாலைக் கறந்து தாறா" என்றார். எவ்வளவு அறிவான மறுமொழி! பிள்ளைக்கு உறிஞ்சத் தெரியாது. உறிஞ்சி விழுங்கி மூச்செடுப்பதை ஒழுங்குசெய்யும் ஆற்றல் 34 வாரமளவிலேதான் கைகூடும். ஆகையால் தங்கை மூன்று மணித்தியாலத்துக்கொருமுறை, இரவிலும் எழுந்து, பாலைக் கறந்து கொடுப்பாள். அதனைக் குழாய்வழியே விடுவார்கள். முதல் நாட்களில் ஒருமுறைக்கு ஒரு மில்லிலீற்றர். அது ஒரு தேக்கரண்டியில் ஐந்திலொரு பங்கு.

பக்கத்துக் கட்டிலிலே வன்னிப் பகுதியிலிருந்து வந்த ஓர் இளம் பெண் இருந்தாள். அவளுக்கும் 26 வாரத்துப் பிள்ளை. எங்கள் பிள்ளையிலும் 60 கிராம் கூட. அதே ஊசி, அதே மருந்து, அதே தாதிமார். அவளும் அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைத்திருந்தாள். இரவு இரண்டு மணிக்குப் பால் கறக்க இருவரும் ஒன்றாகவே எழுந்து போவார்களாம். ஒன்பதாம் நாள் அவளுடைய பிள்ளைக்குக் குடலிலே நோய் பற்றியது. பதினோராம் நாள் இறந்தது. தன் பிள்ளைக்கென்று பின்னி வைத்திருந்த மஞ்சள் நிறத் தொப்பியைத் தங்கையின் தலையணையின்கீழ் வைத்துவிட்டு, சொல்லாமலே வீட்டுக்குப் போய்விட்டாள்.

இதனைக் கேட்ட பிறகு அம்மாவின் நம்பிக்கை என்னாகும் என்று பார்த்திருந்தேன். அவள் நேர்த்தியிற் குறையிருந்தது என்றோ, அது அப்பிள்ளையின் வினை என்றோ அம்மா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னால் அதைப் பொறுத்திருக்க முடியாது. அப்பெண்ணின் பெயரையும் நட்சத்திரத்தையும் தங்கையிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன்பின் வெள்ளிதோறும் கோயிலில் இரண்டு அர்ச்சனை நடந்தது.

முப்பத்தோராம் நாள் வந்தது. வழக்கப்படி துடக்குக் கழித்துப் பெயர் வைக்க வேண்டிய நாள். பிள்ளையோ ஆசுபத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளே, தாயின் பெயர் எழுதிய பட்டியோடு கிடந்தது. சடங்கைத் தள்ளிவைப்போம் என்று உறவினர் எல்லாரும் சொன்னார்கள். பெயர் வைத்தால் பாசம் கூடிவிடும் என்பதே சொல்லாத காரணம். அன்று பிள்ளையின் நிறை 1,040 கிராம். நான் எழுந்து, பெயரை இன்றே வைப்போம் என்றேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். சாதகம் எழுதுவிக்க வேண்டாமென்று சொன்ன வாய்தானே இது! வீட்டில் வெறுந் தொட்டிலின்முன் விளக்கேற்றி நாங்கள் பெயரைச் சொல்ல, ஆசுபத்திரியிலே அதே நேரத்தில் தங்கை கண்ணாடிப் பெட்டியின் துவாரத்தில் வாய்வைத்து அதனை மூன்றுமுறை சொன்னாள்.

அந்த வாரத்திலேயே பிள்ளையைத் தாயின் வெறும் மார்பிலே கிடத்தி, துணியாற் சுற்றி, மணிக்கணக்காக வைத்திருக்கத் தொடங்கினார்கள். இதற்குக் கங்காரு முறை என்று பெயர். 1978இல் கொலம்பியா நாட்டுப் பொகோத்தா நகரிலே, பிள்ளைகள் மிகுந்து பெட்டிகள் போதாமற் போனபோது, இரேய் சனாபிரியா என்ற வைத்தியர் தாயின் மேனிச் சூட்டையே பெட்டியாக்கினார். பெயரும் பொருத்தமானதே. கங்காருக் குட்டி 33 நாட் கருவில், ஒரு கிராமும் நிறையாத உடம்போடு பிறந்து, தானே ஊர்ந்து தாயின் பையை அடைந்து வளர்கின்றது. வறுமையாற் பிறந்த இம்முறை வறியவர்க்கு மட்டுமன்று என்பது பின்னர் தெளிவாயிற்று: ஆபிரிக்காவிலும் இந்தியாவிலும் ஐந்து நாடுகளில் ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளைப் பிறந்த உடனேயே இவ்வாறு அணைத்து வைத்தபோது முதல் 28 நாளில் இறப்பு நாலிலொரு பங்கு குறைந்தது. இதனை அம்மாவுக்கு விளக்கினேன். "கங்காரு என்ன கங்காரு? உன்னை நான் பின்னை எங்கை வைச்சு வளர்த்தனான்?" என்றார்.

தைப்பூசத்துக்குப் பதினைந்து நாள் முன்னதாக, 84ஆம் நாள், 2,050 கிராம் நிறையோடு பிள்ளை வீட்டுக்கு வந்தது. காலத்திற் பிறந்திருந்தால் அது பூசத்தை ஒட்டியே பிறந்திருக்கும். தலையில் அந்த மஞ்சள் தொப்பி. முதல் நாளில் அது பெரிதாயிருந்திருக்கும்; இப்போது அளவாய்ப் பொருந்தியது.

மருமகள் இப்பொழுது பள்ளிக்கூடம் போகிறாள். மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறாள். மாரிகாலத்தில் இழுப்பு வரும். கணக்கிலே சற்றுப் பின்தங்கியவள். அதனைத் திருத்தும் பொறுப்பு என்னுடையது. ஆண்டுதோறும் சஷ்டியின் மூன்றாம் நாள் மாலையில் என் தங்கை வன்னியிலுள்ள அப்பெண்ணோடு தொலைபேசியிற் பேசுவாள். பிள்ளையை அப்போது அறைக்குள் விடுவதில்லை. என்ன பேசுகிறார்கள் என்று நானும் கேட்டதில்லை.