தேரும் முட்டுக்கட்டையும்

புதுச்சேரிப் பிரதேசத்து வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தில், பிரெஞ்சு ஆட்சிக் காலந்தொட்டு வழங்கிவரும் சம்பிரதாயத்தை அனுசரித்து, இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கிவைக்கிறார். எனினும், அவ்வளவு பெரிய தேர் வீதி முனையில் எந்தத் திண்ணையையும் இடிக்காமல் திரும்புகிறதென்றால், சக்கரத்தடியில் குனிந்து, தக்க தருணத்தில் முட்டுக்கட்டை போடுகிற ஆளின் சாமர்த்தியமே அதற்குக் காரணம். கிராமத்து ஆரோக்கிய நிலையத்தின் தலைமையும் அவ்விதமானதே என்பது என் அபிப்பிராயம்.

நிலையத்தின் வளர்ச்சி என்றவுடன் நாம் எண்ணிக்கையில் இறங்கிவிடுகிறோம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 1,20,000 பேருக்கு 30 படுக்கைகளுடன் ஒரு சமுதாய நலவழி மையம் என்பது தேசிய அளவுகோல். அவசியந்தான். ஆனால், பாகூரில் பஸ் ஏறினால் காலைப் பொழுதுக்குள் கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனையை அடைந்துவிடக்கூடிய இச்சிறு பிரதேசத்தில், உள்ளூர் நிலையத்தின்மீது விசுவாசம் பிறக்காதவர், சாதாரணக் காய்ச்சலுக்கும் அங்கே போய்த்தான் வரிசையில் நிற்பார்.

அந்த விசுவாசத்தைக் கட்டிடம் உண்டாக்குவதில்லை. நடவு வயலின் வரப்பில் நின்று, "சர்க்கரை மாத்திரை தீர்ந்து நாலு நாளாச்சே, ஏன் வரல?" என்று பெயர் சொல்லி அதட்டுகிற நர்சம்மா உண்டாக்குகிறார். எந்த வீட்டில் எட்டு மாதக் கர்ப்பிணி இருக்கிறாள், எந்த வீட்டு மாமியார் தடுப்பூசிக்குச் சாக்குச் சொல்கிறார் என்பதெல்லாம் அவர் நோட்டுப் புத்தகத்துக்கு முன்பே அவர் மனத்தில் பதிந்திருக்கிறது. மருத்துவ அதிகாரி மாற்றலாகிப் போகும்போது, நிலையத்தின் ஞாபகசக்தி போகாமல் காப்பது அதுவே.

சர் ஜோசப் போர் தலைமையிலான கமிட்டி 1946-லேயே ஊர்தோறும் ஆரோக்கியக் கமிட்டி வேண்டுமென்றது. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கமும் நோயாளர் நலச் சங்கங்களுக்கு வழிவகுத்தது. ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை. ஆனால், அச்சங்கங்களின் கூட்டங்களில் நர்சம்மாவுக்கும், நூறுநாள் வேலைக்குப் போய்வரும் பெண்களுக்கும், கையொப்பமிடும் உரிமையோடு மறுத்துப் பேசும் உரிமையும் வேண்டும். "இது நம்ம ஊருக்குச் சரிப்படாது" என்று அவர்கள் சொல்வதை முட்டுக்கட்டை என்று அதிகாரி கோபிக்க வேண்டியதில்லை. தேர் திரும்புவதே அதனால்தான்.