பசுமைச் சான்றும் மலத்தொட்டியும்

ரியல் எஸ்டேட் முதலாளிகள் தாங்கள் கட்டியவற்றைப் பட்டியல் போட்டு நீட்டுகிறார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தங்கம், பிளாட்டினம் என்று பசுமைச் சான்று. அமெரிக்காவில் தொடங்கிய லீட் முறையில் மொத்தம் 110 புள்ளிகள். 40 எடுத்தால் சான்று, 80 எடுத்தால் பிளாட்டினம். 2001இல் ஆரம்பித்த இந்தியப் பசுமைக் கட்டட மன்றமும் சான்று தருகிறது. மின்சாரம் மிச்சமானால் புள்ளி, கழிவுநீரை மறுபடி பயன்படுத்தினால் புள்ளி.

நான் கேட்பது ஒண்ணுதான். வளாகத்துக்குள்ளேயே கழிவுநீரைச் சுத்திகரிக்கிறீர்களே, அந்தத் தொட்டி அடைத்துக்கொண்டால் யாரை இறக்குகிறீர்கள்? சாதியே தெரியாது என்கிற கனவான்கள் அன்றைக்கு மட்டும் எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்புகிறார்கள்? மூடின தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கி நிற்கும். இறங்கினவன் விழுவான், காப்பாற்றப் போனவனும் விழுவான்.

சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சாக்கடைச் சாவுக்கு 2014இல் 10 லட்சம் என்ற உச்சநீதிமன்றம், 2023இல் 30 லட்சம் என்றது. நம்ம சனம் செத்த பிறகுதான் கணக்கில் வருகிறது.

மரமும் தண்ணீரும் நமக்கும் வேண்டும். ஆனால் தொட்டிக்குள் மனிதன் இறங்கினால் சான்று ரத்து என்று எழுதிவைக்கச் சொல்லுவோம். இயந்திரம் வாங்கட்டும், பிளாட்டினம் வாங்கக் காசு இருக்கிறதல்லவா?

மாணவத் தோழர்களே, உங்கள் ஊரில் சான்று பெற்ற வளாகத்துக்குப் போங்கள். தொட்டியை யார் கழுவுகிறார்கள், எதை வைத்துக் கழுவுகிறார்கள், என்ன கூலி என்று கேளுங்கள். பதிலை எழுதி அனுப்புங்கள். அச்சிடுவோம்.