கிட்டங்கிக் காற்றும் கருவியின் கணக்கும்

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ நெல் கிட்டங்கி சேர்ந்த சில வாரங்களுக்குள் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடுகிறது. ஈரம் ஆறாத மூட்டை ஒன்று அடுக்கின் நடுவே சிக்கினாலும் பூஞ்சணமும் வண்டும் அங்கே குடியேறும். அவை பெருகப் பெருக அவை வெளிவிடும் கரியமில வாயுவும் பெருகும். கெட்ட வாடை எழுமுன்னரே அவ்வாயுவை அளந்து கேட்டை அறியலாம் என்பதைக் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தார் முதலியோர் ஆராய்ந்து காட்டியுள்ளனர். இதற்கான கருவிகள் இன்று தீப்பெட்டியினும் சிறிய உருவில் கிடைக்கின்றன. நம் சங்கங்கள் இவற்றை வாங்கலாமா என்று அங்கத்தினர் கேட்கின்றனர். தாராளமாக வாங்கலாம், ஆனால் விலை ஒன்றையே பார்த்து வாங்கலாகாது என்பது நம் கருத்து.

கருவியினுள் அகச்சிவப்பு ஒளி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்கிறது. 4.26 மைக்ரான் அலைநீளத்தில் அவ்வொளியைக் கரியமில வாயு விழுங்குகிறது. குறைந்த ஒளியே கணக்குக்கு ஆதாரம். உருவம் சிறுத்தால் ஒளி செல்லும் தூரம் குறைந்து, விழுங்கப்படுவதும் அற்பமாகும். அப்பொழுது உமித்தூசியும், உள்ளே படியும் நீர்த்துளியும், விளக்கின் மூப்பும், வெப்பமாறுதலும் அக்கணக்கை எளிதில் கலைத்துவிடும். காற்றழுத்தமும் அப்படியே. 1,000 மீட்டர் உயரத்தில் அது ஏறக்குறைய 11 சதவீதம் குறைவதால், கடற்கரையில் திருத்திய கருவி கோதையாற்று மலைப்பகுதியில் குறைத்தே காட்டும்.

இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. சிறு கருவிகள் பல தம்மைத் தாமே திருத்திக்கொள்கின்றன. ஏறத்தாழ ஒரு வாரத்தில் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்றின் அளவென, அதாவது பத்து லட்சத்தில் 400 பங்கென, அவை வைத்துக்கொள்ளும். நாள்தோறும் திறந்து மூடும் அலுவலகத்துக்கு அது பொருந்தும். மழைக்காலம் முழுவதும் பூட்டிக் கிடக்கும் கிட்டங்கியிலோ, 900 பங்குக்குக் கீழே இறங்காத காற்றையும் அது 400 என்றே சொல்லும். நெல் கெட்டுக்கொண்டிருக்கும், கருவி நலமென்று காட்டும். அந்த நெல்லின்மீது ஈட்டுக்கடன் பெற்ற உழவருக்கு வட்டி மட்டும் நிற்காது.

வேறு ஆவிகளை உணர்ந்து, கரியமில வாயு இவ்வளவு இருக்கலாம் என்று ஊகிக்கும் மலிவுக் கருவிகளும் சந்தையில் உள. அவற்றை நிர்வாகக் குழு திருப்பி அனுப்பிவிடலாம்.

நெசவாளர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை: நூல் அறைக்கு இச்செலவு வேண்டாம், காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியே போதும்.

வாங்கும் சங்கங்கள், தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டை நிறுத்திவைக்க இயலுமா என்று முதலில் கேட்கவேண்டும். பின்னர் மாதம் ஒருமுறை கருவியைத் திறந்த களத்துக்குக் கொண்டுசென்று, ஆள் மூச்சுப் படாமல் வைத்துப் பார்க்கவேண்டும். அங்கே சுமார் 425 காட்டவேண்டும். காட்டியது எவ்வளவாயினும் இருப்புப் பதிவேட்டில் தேதியிட்டு எழுதிவைத்தால், தணிக்கைக்கு வரும்போது அந்தப் பக்கத்தையும் நாம் பார்ப்போம்.